அணைத்து வைத்த எஞ்சின்

கட்டுமான இயந்திரங்கள் கக்கும் கரியமில வாயுவைக் குறைப்பதுதான் என் வேலை. உண்மையைச் சொன்னால், குறைந்துவிட்டதாக மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு எண்களில் காட்டுவது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. புகையை யாரம்மா நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்பார். டீசலை அளந்தால் போதுமப்பா என்று நானும் சளைக்காமல் சொல்வேன்.

ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் கடல்பாலம் தாண்டி, அக்கரையில் பத்து காவான் என்ற ஊருக்குப் போவேன். எஸ்டேட்டாக இருந்த நிலத்தில், புதிய தொழிற்சாலை ஒன்றுக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தோம். நிழலுக்கென்று ஒரு மரம்கூட மிச்சமில்லை.

எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மதியம் சாப்பிட்டதும் வண்டிக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோன் காற்றில் ஒரு மணி நேரம் தூங்குவார்கள். ஒரு பிடி மண் அள்ளாமல் வண்டி டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எல்லா வண்டிகளிலும் கருவி பொருத்தி, சும்மா ஓடும் நேரத்தைக் குறித்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அதோடு விட்டேனா? அலுவலக வாசலில் போர்டு மாட்டி, வாராவாரம் ஓட்டுபவர்களின் பெயர்களை என் கையாலேயே எழுதினேன். குறைவாக வீணாக்கியவர் மேலே, அதிகம் வீணாக்கியவர் கீழே.

கடைசிப் பெயர் எப்போதும் ஒருவருடையதாகவே இருந்தது. பக்கத்து ஊரான பிறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஒருநாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். சேற்று பூட்ஸோடு உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்ததும் நான்தான். அதனால் வெளியே நின்றபடியே பேசினார்.

“எஞ்சின் ஆஃப் பண்ணா கேபின் அடுப்பு மாரி கொதிக்குது மேடம். படுக்க வேற எடமும் இல்ல. ஒரு கன்டெய்னர் போட்டு, ஏர்கோன் வெச்சிக் குடுத்தா போதும்லா. நாங்க வண்டிய ஆஃப் பண்ணிடுறோம்.”

நியாயமான கோரிக்கை. பாஸ்கூடச் சரி என்றார். முட்டுக்கட்டை போட்டது நான். வண்டிகள் நிற்கும் அந்தக் கோடிக்கு மின்சாரம் கிடையாது. ஏர்கோன் ஓட ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டர் குடிக்கும் டீசலும் என் அறிக்கையில்தான் ஏறும். அத்தனை எஞ்சின்கள் சும்மா ஓடுவதோடு ஒப்பிட்டால் ஒரு சின்ன ஜெனரேட்டர் எம்மாத்திரம்? எனக்கும் தெரியும். ஆனால் எஞ்சின்களைத்தான் ஏற்கனவே அணைக்க வைத்துவிட்டேனே, எண் இறங்கத் தொடங்கியிருந்தது. இறங்கிய எண்ணை மறுபடி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. ரோஷக்காரர். அவர் பெயர் போர்டில் ஏறத் தொடங்கியது. மூன்றாவது வாரம் முதலிடம். காலைக் கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். முகம் வாடியிருந்ததைக் கவனித்தேன். வெயில் என்று நினைத்தேன். வெயில்தான்.

அடுத்த வாரம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்தும் அவர் வண்டி அசையவில்லை. பக்கத்து வண்டிக்காரர் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே இவர் உட்கார்ந்த நிலையிலேயே நினைவில்லாமல் சாய்ந்திருந்தார். உடம்பு தொட முடியாத சூடு. எஞ்சின் அணைந்திருந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார், கண் திறக்கவில்லை.

அவர் மனைவி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தே சாவு வீட்டுக்குப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. நான் வேலையிடத்திலிருந்து வருகிறேன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். எங்கள் போர்டு. மேலே அவர் பெயர்.

“பஸ்ட்டு வந்துட்டேன்னு படம் புடிச்சி அனுப்புனாரு மேடம். பிள்ளைங்களுக்கும் காட்டச் சொன்னாரு.”

அது என் கையெழுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழை நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

மறு வாரமே கன்டெய்னர் வந்தது, ஜெனரேட்டரும் வந்தது. இப்போது எல்லோரும் அதில்தான் தூங்குகிறார்கள். போர்டைக் கழற்றிவிட்டேன். மாதக் கடைசியில் ஜெனரேட்டரின் டீசலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். எண் ஏறியிருந்தது, தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில். அப்படியே எழுதி அனுப்பினேன். ஏன் ஏறியது என்று தலைமை அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.