கிழக்குச் சுவரில் ஒரு சின்ன டிவி

அம்மா விழுந்தது மீன் ஏலம் விடும் இடத்தில். கூடையைத் தூக்கித் திரும்பினவள் ஈரத்தில் வழுக்கி, இடது இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது பக்கமாகவே படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் முன்னறையில் ஒரு கட்டில் போட்டால், பக்கத்தில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம் மிஞ்சும். தெற்கே தலைவைத்து வலப்பக்கம் படுத்தால் முகத்துக்கு நேரே கிழக்குச் சுவர், வெறும் சுவர். தலைமாட்டை மாற்றிப் போட்டால் வாசல் தெரியும், தெருவில் போகிறவர் வருகிறவர் தெரிவார்கள். அம்மா ஒப்பவே இல்லை.

"வடக்கால தலய வெச்சு என்ன ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்குறியா?"

அதுதான் அவள் கடைசியாக என்னிடம் வீம்பாகப் பேசியது. அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு. கஞ்சியை இரண்டு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வாள். விடியற்காலையில் கரையில் நின்று, வருகிற படகை வைத்தே மீன் எவ்வளவு என்று சொல்லுகிறவள், நாள் முழுக்கச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கடல் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. நடுவில் பக்கத்து வீடு, ஒரு தெரு, கொஞ்சம் மணல். அவள் இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

டிவி யோசனை என்னுடையது. பழைய டிவியை உப்புக்காற்று எப்போதோ தின்று தீர்த்திருந்தது.

"கஞ்சியே எறங்கல, டிவி பாக்கப் போறாங்களாமே," என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். அன்று சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன்.

கடைக்குள் நல்ல குளிர். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே அருவி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. பெரியதையெல்லாம் தாண்டி மூலைக்குப் போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கை எட்டும் தூரம்தான், அதற்குச் சின்ன டிவிதான் சரிப்படும்.

முதலில் ஒன்றைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தேன். எங்கள் கரையோரத்தில் எல்லோரும் அப்படித்தான். திருகாணி துருப்பிடிக்கிற ரகமா, காற்றுப் போகும் ஓட்டைகள் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் படம்.

"அக்கா, படம் முன்னாடிதான் வரும்," என்றார் விற்பனையாளர்.

"தெரியும்பா. உப்பு பின்னாடிதான் வரும்."

அப்புறம் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். இந்த அளவுக்கு எச்டி போதும், புள்ளி தெரியாது என்றார். தெரியத்தான் இல்லை. அடுத்து, டிவியை ஒரு முக்காலியில் வைக்கச் சொல்லிவிட்டு, தரையில் வலப்பக்கமாகப் படுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் யாரோ மாதிரி மிக்ஸி பார்க்கப் போய்விட்டார்.

முதல் டிவியில், அருவி முடிந்து வந்த வெள்ளைப் பூவெல்லாம் கீழேயிருந்து பார்க்கக் கறுத்துப் போனது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் பூ பூவாகவே நின்றது. டைல்ஸ் கன்னத்தில் சில்லென்றது. பூ மெல்ல விரிந்தது, ஒரு துளி விழுந்தது, மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின. சுற்றிலும் ஆட்களின் கால்கள் மட்டும் நடந்தன. தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பதுபோல இருந்தது, எழுந்திருக்க மனமே வரவில்லை. அம்மாவுக்கு உலகம் இப்படித்தான் சாய்ந்து தெரிகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சவுண்ட் வைப்பா."

வைத்தார். தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட சத்தம்.

"இந்த வெலைக்கு இவ்ளோதான்க்கா."

படத்துக்காக அதையே வாங்கினோம்.

கிழக்குச் சுவரில் தாழ்வாக, அம்மாவின் முகத்துக்கு நேராக மாட்டினோம். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் விடியலில் கரைக்குப் போய், போனில் கடலைப் பிடித்துக்கொண்டு வந்து பென் டிரைவில் ஏற்றியிருந்தார். அந்த மனிதரை அன்று எனக்கு ரொம்பப் பிடித்தது.

போட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

"இன்னாடி இது? எந்த ஊரு கடலு?"

கடையில் வைத்திருந்த பளபளப்பில் எங்கள் கடல் நீல மையாக மின்னியது. ரிமோட்டை எடுத்து நிறத்தைக் குறைத்தேன்.

"இன்னும்," என்றாள். குறைத்தேன். "இன்னும்டி. நம்ம கடலு எப்ப இம்மாம் நீலமா இருந்துச்சு?"

நீலம் வடிந்து பச்சை வந்தது. பச்சையும் போய், பால் கம்மியாக ஊற்றிய டீ மாதிரி, சாம்பல் கலந்து எங்கள் கடல் வந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி.

"ஆங். இரு."

சத்தத்தைக் கூட்டினேன். அலை தகரத்தில் கரகரத்தது.

"அத்த நிறுத்து. ஜன்னலத் தொற."

டிவி சத்தத்தை அணைத்துவிட்டு, கால்மாட்டு ஜன்னலைத் திறந்தேன். சந்து வழியாக நிஜ அலையின் சத்தம் உள்ளே வந்தது. படத்தில் ஒரு அலை மடிந்தது. வெளியே ஒரு அலை விழுந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆனால் அவளுக்கு அது பொருட்டாகவே இல்லை. அந்தச் சுவர் இருந்த இடத்தில் மணலும் தண்ணீரும் நகர்ந்துகொண்டிருந்தன.

அம்மா புகைபோக்கியையே பார்த்தாள். புகை தெற்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"வாடக் காத்து அடிக்குது. சங்கரா மீனு வந்திருக்கும்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "போய் வாங்கினு வா. கொழம்புல புளிய கொஞ்சம் தூக்கலா போடு," என்றாள்.

அது காலையில் பிடித்த படம் என்று சொல்ல வாயெடுத்தார் என் வீட்டுக்காரர். அவர் கையில் கூடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அழுதுகொண்டே புளி ஊறவைத்தேன்.