கோலுக்குப் பின்னால் எட்டுப் பேர்

எங்கள் சியர்லீடிங் குழுவின் வரலாற்றை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தலைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவில் மொத்தம் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் நன்றாகப் பேசுவார்கள், அதனால் அவர்களுக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை. வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

தொடக்கம் மலேசியாவின் ரந்தாவ் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழா. பிள்ளைகள் அணிவகுப்பில் ஆட்டுவதற்குக் குஞ்சம் வேண்டும் என்றார்கள். ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை வெட்டிக் கட்டி, பேன் சீப்பால் கோதிக் கோதி, பஞ்சு போல ஆக்கிக் கொடுத்தோம். அன்று வெயில் தாங்காமல் பிள்ளைகள் பாதியில் குஞ்சத்தைக் கீழே போட்டுவிட்டு ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள். கீழே கிடந்ததை எடுத்து அம்மாமார்கள் ஆட்ட ஆரம்பித்தோம். பிள்ளைகளைவிட எங்கள் சத்தம் பெரிதாக இருந்ததாம். பார்த்துக்கொண்டிருந்த எஸ்டேட் கால்பந்து மன்றத்துக்காரர்கள் அடுத்த வாரமே எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் அந்த மன்றத்தோடு இருந்தோம். பிறகு ஒரு நாள் மன்றச் செயலாளர் வந்து, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் விளையாட்டாளர்களுக்கு மீ கோரெங் பொட்டலமும் தேத்தண்ணியும் நாங்களே பரிமாற வேண்டும் என்றார்.

எங்கள் தலைவி ராசா என்கிற ஊரில் பாலர் பள்ளி ஆசிரியை. நாற்பது குழந்தைகளை ஒற்றைக் குரலில் உட்கார வைக்கிறவர்.

“கத்துறதுக்குக் கூப்பிட்டீங்களா, கிளாஸ் கழுவக் கூப்பிட்டீங்களா?”

“ரெண்டும் செஞ்சா என்னம்மா? பொம்பளைங்கதானே?”

“அப்படின்னா நீங்க ரெண்டும் செய்யுங்க லா. தேத்தண்ணியும் கலக்குங்க, குஞ்சத்தையும் ஆட்டுங்க.”

குஞ்சங்களை அவர் மடியில் போட்டுவிட்டு எட்டுப் பேரும் வேனில் ஏறிவிட்டோம். அன்றிலிருந்து நாங்கள் எந்த மன்றத்துக்கும் சொந்தமில்லை. யார் கூலி கொடுத்துக் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்காகக் கத்துவோம். கோயில் கபடிக்குக் கத்தியிருக்கிறோம். ஒரு மினி மார்க்கெட் திறப்பு விழாவில் அரிசி மூட்டைக்காகக் கத்தியிருக்கிறோம். ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளை மேடையேறும்போது கத்தினோம். அவர் பயந்து இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

யாருக்கும் சொந்தமில்லை என்பதால் சட்டை வெள்ளை. கூப்பிடுகிற குழுவின் நிறத்தில் கயிறு வாங்கி ஒவ்வொரு தடவையும் புதுக் குஞ்சம் செய்துகொள்வோம். எஸ்டேட் திடலில் நாங்கள் ஆட மேடையா இருக்கிறது? எங்களைக் கூப்பிட்ட குழு எந்தக் கோலை நோக்கி அடிக்கிறதோ, அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்போம். இடைவேளையில் அவர்கள் பக்கம் மாறினால் நாங்களும் பாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி மறுபக்கம் போவோம். ஒரு தடவை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கோல் விழுந்துவிட்டது.

குழுவில் என் இடம் அடியில். இரண்டு பேர் என் தோளிலும் தொடையிலும் கால் வைத்து நிற்பார்கள், அவர்கள் மேல் எங்களிலேயே சின்னவள் ஒருத்தி ஏறுவாள். என் முகத்துக்கு முன்னால் எப்போதும் யாருடைய முழங்காலாவது இருக்கும். அது எனக்கு வசதி. இன்னொரு உண்மையையும் இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று வருடமாக நான் கத்தியதே இல்லை, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் சத்தத்தில் எட்டாவது சத்தத்தை யார் தேடப்போகிறார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் ரெம்பாவ் பக்கத்து வெட்டரன் குழு ஒன்று எங்களைக் கூப்பிட்டது. வெட்டரன் என்றால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். இறுதி ஆட்டத்தில் எங்கள் வேலை பிடித்திருந்தால் அடுத்த சீசன் முழுவதும் எங்களையே வைத்துக்கொள்வதாக அவர்களுடைய மேனேஜர் சொன்னார். எஸ்டேட் மன்றத்தை விட்டதிலிருந்து எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒற்றை நாள் வேலைதான். தலைவி சந்தோஷத்தில் எல்லாரையும் கட்டிப்பிடித்தார். யாரோடு ஆட்டம் என்று நான்தான் கேட்டேன்.

எங்கள் எஸ்டேட் குழுவோடு. அந்தக் குழுவின் கோல் கீப்பர் என் வீட்டுக்காரர்.

மேனேஜருக்கு இது ஆட்டத்தன்று காலையில்தான் தெரிந்தது. நேராக என்னிடம் வந்தார்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு பெனால்டிக்கு எந்தப் பக்கம் விழுவாரு?”

எனக்குத் தெரியும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும்போது லோரியிலிருந்து குதித்து இடது முட்டியைக் கெடுத்துக்கொண்டவர் அவர். இடது காலை ஊன்றி அந்தப் பக்கம் எகிற முடியாது. அதனால் எப்போதும் வலது பக்கம்தான் விழுவார். இது எனக்கும் அவருக்கும் எங்கள் வீட்டுத் தைல போத்தலுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நான் குஞ்சத்தைக் கோதிக்கொண்டிருந்தேன்.

தலைவி குறுக்கே வந்தார். “தம்பி, நாங்க விக்கிறது சத்தம் மட்டும்தான். வீட்டு விஷயம் விக்கிறதில்ல.”

“வீட்டுக்காரருக்காகக் கத்திட்டாங்கன்னா?”

“கத்த மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

ஆட்டம் தொடங்கியது. ரெம்பாவ்காரர்கள் எந்தக் கோலை நோக்கி அடிக்கிறார்களோ அங்கேதான் நாங்கள் நிற்க வேண்டும். அப்படியென்றால் ஆட்டம் முழுவதும் என் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால். இடைவேளையில் அவர் பக்கம் மாறினார், நாங்களும் மாறினோம். போத்தலைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவர் பக்கத்தில் வந்து, “இந்தா, எங்க போனாலும் பின்னாலயே வர்றியே,” என்றார்.

“வேலை நேரத்துல பேசாதீங்க,” என்றேன்.

“உள்ள வந்து கோலையும் நீயே பிடியேன். நான் போயி நாசி லெமாக் சாப்பிடுறேன்.”

என் தோளில் நிற்கிறவள் சிரித்துச் சிரித்துக் குஞ்சத்தை நழுவவிட்டாள். தலைவி எங்கள் இரண்டு பேரையும் பாலர் பள்ளிப் பார்வை பார்த்தார்.

எங்கள் எஸ்டேட் ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ரெம்பாவுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் முன்வழுக்கைக்காரர், நிதானமான ஆள். போட்டால் ஆட்டம் சமன். எங்களுக்கு சீசனும் கிடைத்த மாதிரி.

பெனால்டியின்போது நாங்கள் சத்தம் போடுவதில்லை. கையை உயர்த்தி அசையாமல் நிற்போம். அது எங்கள் வழக்கம். அன்று திடலே அடங்கிப்போயிருந்தது. மேலே யாரும் ஏறாததால் என் முகத்தை மறைக்கவும் ஆளில்லை. வீட்டுக்காரர் கோலின் நடுவில் குனிந்து உட்கார்ந்து எழுந்தார். இன்னொரு தடவை குனிந்தார். காலையில் தைலம் போட மறந்துவிட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஏங்க! இடது முட்டி! பார்த்து விழுங்க!”

மூன்று வருடமாக வாய்க்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்திருக்க வேண்டும். ரோட்டில் மோட்டாரில் போனவர் ஒருவர் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் குரலை அவ்வளவு பெரிதாக அவர் கேட்டதில்லை. முன்வழுக்கைக்காரரும் என்னைப் பார்த்தார், பிறகு முட்டியைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

அவர் அந்த இடது பக்கமே அடித்தார். வீட்டுக்காரரும் இடது பக்கமே விழுந்தார். பந்து அவர் நெஞ்சில் பட்டு வெளியே போனது.

பிறகு வீட்டில் கேட்டதற்கு, “திடல் பூரா கேட்டுச்சே, அப்புறம் அவன் வேற எங்க அடிப்பான்?” என்றார்.

எங்கள் எஸ்டேட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மேனேஜர் சிவந்துபோய் எங்களிடம் வந்தார்.

“புருஷனுக்கு சிக்னல் கொடுத்துட்டாங்க. நான் சொன்னேனா இல்லையா?”

“எது சிக்னல்?” என்றார் தலைவி. “எதிராளியோட ரகசியத்தை உங்க ஆளு காதுல விழுற மாதிரிக் கத்திச் சொல்லியிருக்காங்க. வேற எந்தக் குழு இப்படிச் செய்யும்?”

“அதெல்லாம் வேணாம் லா. சீசன் தர்றேன். இந்த அக்கா மட்டும் வேணாம்.”

“நான் விலகிக்கிறேன் டீச்சர்,” என்றேன் மெல்ல.

தலைவி என்னைப் பார்க்கவே இல்லை. “எட்டுப் பேரு வந்தோம். எட்டுப் பேரா எடுக்கிறதா இருந்தா எடுங்க. இல்லைன்னா வேன் அங்க நிக்குது.” சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் போத்தல்களைப் பொறுக்கினார்கள். ஒரு வருட வேலை என் ஒரு கத்தலில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே நானும் குனிந்தேன்.

அப்போது முன்வழுக்கைக்காரர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

“மேனேஜர், அக்காவை ஏன் ஏசுறீங்க? அவங்க சொன்ன பக்கம்தான் அடிச்சேன். நல்ல டிப்புதான். நான் மெதுவா அடிச்சிட்டேன், அவ்வளவுதான்.”

“நீ சும்மா இரு மச்சாங்.”

“மறு கோடி வரைக்கும் கேட்டுச்சு மேனேஜர் அந்தச் சத்தம். மத்த டீமுக்குப் போயிட்டாங்கன்னா நாமதான் கேட்டுக்கிட்டு நிக்கணும்.”

மேனேஜர் பாக்கெட்டிலிருந்து ஆட்ட அட்டவணையை எடுத்தார். “சரி. எட்டுப் பேரும் வாங்க. ஆனா வீட்டுக்காரரு ஆடுற மேட்ச்சுக்கு மட்டும் இந்த அக்கா வர வேணாம்.”

தலைவி வாயைத் திறப்பதற்குள் நானே பேசிவிட்டேன். “இல்ல தம்பி. அதுக்கும் வருவேன்.”

“வந்து?”

“அன்னைக்கு மட்டும் உங்க கோலுக்குப் பின்னால நிக்கிறோம். உங்க கீப்பருக்கு எங்க வலின்னு எனக்குத் தெரியாது.”

தரையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த அவர்களுடைய கீப்பர் தலையை நிமிர்த்தினார். “எனக்கு இடுப்புல அக்கா. வலது பக்கம்.”

“அடோய், வாயை மூடுடா!” என்று மேனேஜர் கத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டு, எந்தெந்தச் சனிக்கிழமை ஆட்டம் என்று தலைவியிடம் சொல்ல ஆரம்பித்தார்.