நடிகர் சொன்ன மருந்து

என் அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் யாராவது காரணம் கேட்டால் "இனிப்பு நீர்" என்று சர்க்கரை நோயைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் காலைக் கொண்டுபோனது அது மட்டுமில்லை.

அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. அண்ணி இறந்தபின் கிள்ளானிலேயே என்னோடு வந்து இருக்கிறார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. காலையில் ரயிலேறினால் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பகல் முழுக்க அவருக்குத் துணை ஹேண்ட்போன்தான்.

இளமையில் அவருக்கு ஒரு நடிகர்மேல் பைத்தியம். படம் வெளியாகும் நாளில் லோரியைத் தியேட்டருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு முதல் காட்சிக்குப் போய்விடுவார். முதலாளி திட்டுவதை மறுநாள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அந்த நடிகர் ஒருமுறை கலைநிகழ்ச்சிக்காகக் கோலாலம்பூர் வந்தபோது கூட்டத்தில் இவர் கையைத் தொட்டுவிட்டுப் போனாராம். அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கும் நாளில்கூட அந்தக் கதையை எடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டார். "இங்க வா, இத பாரு."

திரையில் அந்த நடிகர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தனக்கும் சர்க்கரை இருந்தது என்றும், இந்தப் பொடியைச் சாப்பிட்டதும் மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். அதே முகம், அதே குரல். ஆனால் உதடு ஒரு நொடி பிந்தி அசைந்தது.

"அண்ணே, இது அவரு இல்ல. கம்ப்யூட்டர்ல செஞ்சது. வாய பாருங்க, பேச்சோட சேரல."

"லைன் சரியில்ல, அதான்."

"கண்ணகூட சிமிட்டலண்ணே."

"அவரு குரல் எனக்குத் தெரியாதா? நீ ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாலேருந்து கேக்குறேன்."

பேசிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் என் போட்டோ ஒன்றை வாங்கி எதையோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் நான் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டி, கண்ணை மூடி, சுருதி பிசகாமல். எனக்கே உடம்பு கூசியது. ஆனால் இதைக் காட்டினால் அண்ணனுக்கு உறைக்கும் என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். முழுப் பாட்டையும் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"நீ இவ்ளோ நல்லா பாடுவேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"நான் பாடலண்ணே."

"அப்புறம் யாரு பாடுனது?"

"யாரும் பாடல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் பாடாம எப்படிமா பாட்டு வரும்?"

நான் விளக்குவதற்குள் அவர் அதை என் கைப்பேசியிலிருந்து தன்னுடையதற்கு அனுப்பி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தட்டிவிட்டார். பங்சாரில் இருக்கும் எங்கள் சித்தி போன் போட்டு, கோயில் திருவிழாவில் பாடச் சொன்னார்.

பொடி பார்சலில் வந்தது. டப்பா மூடியில் நடிகர் சிரித்தார். நான் குப்பையில் போட்டேன், இன்னொன்று வந்தது. சண்டை போட்டேன். "சரி லா, மாத்திரையும் சாப்பிடுறேன்" என்றார். காலியான மாத்திரை அட்டைகள் குப்பைக்கூடையில் கிடக்கும். அதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு வீட்டில் ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அலமாரியை நகர்த்தினேன், அடுப்புக்குப் பின்னால் தேடினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "மேல பாரு, கூரையில இருக்கும்" என்று வழி சொன்னார். வெயில் கொளுத்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவர் காலுறை போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். குனிந்து கழற்றினேன். குதிகாலில் செருப்பு கடித்த புண். அதன்மேல் அந்தப் பொடியை அப்பி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர், நம் தமிழ்ப் பெண்தான். "மாத்திர சாப்பிடுறீங்களா அங்கிள்?"

"நிப்பாட்டிட்டேன்மா. வடிகால்ல போட்டுட்டேன்."

"யாரு நிப்பாட்டச் சொன்னது?"

அண்ணன் நடிகரின் பெயரைச் சொன்னார், பெருமையாக. அவள் சிரிக்கவில்லை. "இந்த வார்டுல இதே பேரச் சொல்றது நீங்க மொத ஆளு இல்ல அங்கிள்" என்றாள். இரண்டு நாளில் காலை எடுத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து, ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நடிகரே பேசும் காணொளி ஒன்று வந்தது. சாயம் பூசாத நரைத்த தலை, கட்டிப்போன தொண்டை. பொடியைப் பற்றிப் பேசியது தான் இல்லை, யாரோ தன் முகத்தைத் திருடிவிட்டார்கள், ஏமாறாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கிள்ளான் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

அண்ணன் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார். கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இதுதான் பொய்."

"அண்ணே!"

"அவரு இப்படியா இருப்பாரு, கெழவன் மாதிரி? குரலும் அவரோடது இல்ல. மாத்திரக் கம்பெனிக்காரன் செஞ்சிருப்பான். நீதானே சொன்ன, ஒருத்தன் மொகத்த வச்சி என்ன வேணும்னாலும் பேச வைக்கலாம்னு?"

நான்தான் சொன்னேன். நான் சொன்னதில் அவர் நம்பிய ஒரே விஷயம் அதுதான். சமையலறைக்குப் போய் அரிசியைக் களைந்தேன். அழுகைகூட வரவில்லை. அதன்பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை. காலையில் மாத்திரையை நானே அவர் வாயில் போட்டு, விழுங்கும்வரை நிற்கிறேன். நான் ரயிலேறிய பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்சல்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டு முகவரிக்கு வருகின்றன என்று நினைக்கிறேன். போய்க் கேட்கத் தெம்பில்லை.

போன வாரம் வலது கால் கட்டைவிரல் கறுத்திருப்பதைப் பார்த்தேன். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தாழ்வாரத்தில் ஒரே கூட்டம். நான் நம்பர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அண்ணன் சக்கர நாற்காலியிலிருந்து சாய்ந்து, பக்கத்தில் காலில் கட்டோடு இருந்தவரிடம் கைப்பேசியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இத பாத்தீங்களா பாஸ்?"

"எங்க கெடைக்கும்ணே?" என்று கேட்டார் அவர். நான் நாற்காலியைத் திருப்பி வேறு வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதே டாக்டர்தான். விரலை அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வாரமே சேர்த்துடுங்க ஆன்டி" என்றாள்.