ஏகாதசியன்று ஏற்றிய இரண்டரை கிலோ

எடை தூக்கக் கற்றுக்கொடுக்கிறவன் பளுவை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பயத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறான். என்னைப் போலவே அடுத்தவர் உடம்பை வைத்துப் பிழைப்பு நடத்தும் சக பயிற்சியாளர்களான உங்களுக்கு இது புரியும்.

சுண்டல்

மந்தைவெளியில் நான் வேலை பார்க்கும் ஜிம்முக்கு அறுபத்திரண்டு வயதில் வந்து சேர்ந்தார் நரசிம்மன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். தசை கூடினால் நல்லது என்று டாக்டர் அனுப்பியிருந்தார். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு உப்புமா. சாதத்தில் ஒரு கரண்டி குறையட்டும், பருப்பும் தயிரும் சுண்டலும் கூடட்டும் என்றேன். மறுவாரம் அவர் மனைவி போன் செய்தார்: “நீங்க சொன்னேள்னு ராத்திரி சுண்டல் பண்ணினேன் மாஸ்டர். அதைத் தின்னுட்டு, டிபன் எங்கேன்னு கேக்கறார்!”

கிளிப்

வலுவுக்கு அவசரம் ஆகாது. முறை சரியாக வந்த பிறகுதான் எடை. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே ஓய்வு கொடுத்து. எல்லாவற்றையும் நரசிம்மனின் அட்டையில் எழுதுவேன். முட்டி வலிக்கிறதா, முதுகு பிடிக்கிறதா, தூங்கினாரா என்று தினமும் கேட்பேன். கம்பியில் பிளேட் நழுவாமலிருக்க மாட்டும் கிளிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். உடன் வேலை செய்யும் சாந்திக்குப் பொறுக்காது. “இன்னாண்ணே, ஊருக்குப் போறவன் பூட்டை இழுக்குற மாதிரி இழுத்துக்கினே கீறே? உடேன் அத்த!”

மூன்றே தடவை

ஒரு வியாழன் காலை. அட்டைப்படி இரண்டரை கிலோ கூட்ட வேண்டிய நாள், கூட்டினேன். நரசிம்மன் மூன்று தடவை தூக்கினார். கம்பியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். முகம் வெளுத்திருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் அவர் பல்லில் பட்டுத் தடதடத்தது.

அன்று ஏகாதசி. முந்தின இரவிலிருந்து பட்டினி. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். முட்டியை விசாரித்த நான் வயிற்றை விசாரிக்கவில்லை. போன மாதம் லீவு போட்ட ஒருவரை நரசிம்மன் எதிரில்தான் கடிந்துகொண்டிருந்தேன். நடுக்கம் அடங்கியதும் சொன்னார்: “வரலேன்னா சாக்கு சொல்றேன்னு நெனைச்சுப்பேளோன்னு பயந்துண்டுதான் மாஸ்டர் வந்தேன்.”

வெறும் கம்பி

டாக்டர் சம்மதித்த பிறகு திரும்பி வந்தார். எனக்குத்தான் கை வரவில்லை. இரண்டு வாரம் வெறும் கம்பியையே தூக்கவைத்தேன். ஏற்றினால் விழுந்துவிடுவாரோ? ஏற்றாவிட்டால் தசை எங்கிருந்து வரும்? நான் காப்பாற்றுவது அவரையா, என்னையா?

ஒரு நாள் அட்டையை என் கையிலிருந்து வாங்கினார். பஞ்சாங்கம் பார்த்து வருஷத்து ஏகாதசிகளையெல்லாம் அதில் சிவப்பு மையில் குறித்தார். “இந்த நாள்லெல்லாம் வரமாட்டேன். மாத்திரையை டாக்டர் மாத்திட்டார். மூணு இட்லி உள்ளே போயாச்சு. இப்பவாவது அந்த ரெண்டரை கிலோவைப் போடுங்கோ!”

போட்டேன், கிளிப்பை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு. இந்த ஊரில் வாசலுக்கு வருகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்கிற ‘சாப்பிட்டீங்களா?’வை, சாப்பாட்டைப் பற்றிப் பேசியே பிழைக்கும் நான் கற்றுக்கொள்ள இத்தனை வயதாகியிருக்கிறது.