சிவப்பு வரி

எங்க வீட்டுக்காரர் சபரிக்கு எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: இந்தத் திரையில கலர் வருமா? ரெண்டாயிரத்து ஒண்ணுல பிடிச்ச பயம் அது. சும்மா ஒண்ணும் பிடிக்கலைங்க.

போசரிங்கிற வடக்கத்தி ஊர்ல இரும்பு உருக்கி வார்க்கிற ஒரு கம்பெனிக்கு அவர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். உலையோட சூடு வரிவரியாத் திரையில ஓடும். எல்லாம் பச்சை எழுத்து. சூடு மீறினா மட்டும் அந்த வரி சிவப்பு. உடனே உலையை அணைக்கணும். அந்தத் திரை முன்னால உக்கார்றது வேற யாருமில்லை, எங்க அண்ணன் துரைசாமி. கோயமுத்தூர்லேருந்து கூட்டிட்டு வந்து அந்த வேலையில சேர்த்துவிட்டதும் இவர்தான்.

ஒரு நாள் இவர் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார். உலை பொங்கித் தெறிச்சிருக்குது. நல்லவேளை, அண்ணனுக்குச் சட்டைக் கை பொசுங்கினதோட போச்சு. "மச்சான் திரையைத்தான் பார்த்துட்டு இருந்தாராம், அமலா. சிவப்பே வரலைங்கிறார்."

போய்ப் பார்த்தா, அது பழைய பச்சைத் திரை. வேற கலரே வராது. இவர் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஆபீஸ் கலர் திரையில. புரோகிராம் முதல்ல திரையோட பேரைக் கேட்டுத்தான் கலர் உண்டா இல்லையான்னு முடிவு பண்ணுமாம். எந்த மகராசனோ, வேலை சுலபமாகட்டும்னு எல்லாத் திரைக்கும் ஒரே கலர் திரையோட பேரை எழுதி வச்சிருக்கான்! பச்சைத் திரையையும் கலர்னே நம்பி ஏமாந்திருக்குது புரோகிராம்.

இவருக்குச் சோறு இறங்கலை. முதலாளிகிட்டச் சண்டை போட்டுக் கலர் திரை வாங்க வச்சார். அப்படியும் நம்பிக்கை வராம, அண்ணனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் புரோகிராம்ல பொய்ச் சூடு ஏத்திப் பார்த்தார். வரி பளிச்சுன்னு சிவந்துச்சு. அப்பாடான்னு திரும்பினா, அண்ணன் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்துச்சாம்.

"மச்சான், வந்துருச்சு பாருங்க!"

"எது மாப்ளே?"

இவர் அண்ணனை வெளியே டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டார். அண்ணன் தலையைத் தூக்காமயே சொல்லுச்சு: "சின்னதுலேருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் மாப்ளே. சொன்னா வேலை போயிருமேன்னு..."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! உலை முன்னால உக்காந்துக்கிட்டு மறைக்கிற விஷயமா இது? கத்தித் தீர்த்தேன், அப்புறம் அழுதுட்டேன்.

இவர் மறுநாளே போய், சூடு மீறினா விடாம மணி அடிக்கிற மாதிரியும், வரி முன்னால பெருசா நட்சத்திரம் வர்ற மாதிரியும் மாத்தினார்.

"அதான் கலர் வந்துருச்சே, இது எதுக்கு?"ன்னாராம் முதலாளி.

"இந்தத் திரையை நம்ப முடியாது சாஹேப்"னு சொல்லிட்டு வந்துட்டார்.