யாரும் இல்லை என்று சொன்னேன்

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பம் எங்களுடையது. முடியாது என்று யாராவது சொன்னால் அதைச் செய்து காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. பத்திரிகையாளராகும் ஆசையில் திருவண்ணாமலையில் தனியாக அறை எடுத்து, ஒரு சிறிய வார இதழில் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

கிரிவலப் பாதையில் ஓர் அம்மா பல மாதங்களாகத் தங்கியிருந்தார். யாரிடமும் வாய் திறக்கமாட்டார். "அவங்களப் பேச வைக்க முடியாது, விட்டுடு" என்றார் ஆசிரியர். அது போதாதா எனக்கு? மூன்று நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள், "எனக்கும் யாரும் இல்லம்மா" என்று பொய் சொன்னேன்.

அவர் அழுதுவிட்டார். தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்ததைச் சொன்னார். அதை நான் எழுதவும் சம்மதித்தார். கட்டுரை என் பெயரோடு வந்தது. அதைப் படித்துவிட்டுத் தம்பி தேடி வந்தார்.

ஊருக்குக் கிளம்பும் முன் இருவரும் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள்.

"யாரும் இல்லாத பொண்ணு இங்க தனியா என்னாத்துக்கு இருக்கணும்? எங்ககூட வந்துடு. தம்பிகிட்ட சொல்லிட்டேன்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"எனக்கு அப்பா, அம்மா இருக்காங்கம்மா. நீங்க பேசணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

"இருக்காங்களா? நல்லா இருக்கட்டும்" என்று மெல்லக் கையை விட்டுவிட்டுப் படியிறங்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை அறையில் தனியாக உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எடுத்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அவரைப் பேச வைத்து ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பியிருந்தார், அவ்வளவுதான்.