கீழ் மூலையில் ஒரு நிழல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் பள்ளி விடுமுறை சமயத்தில் நடந்தது இது. இடம், சிங்கப்பூரில் ஜாலான் புசார் வட்டாரத்தில் இரும்புச் சாமான் கடைகளுக்கு மேலே, மாடியில் இருக்கும் ஒரு சின்ன கேமரா கடை. தெருவில் நின்று பார்த்தால் அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. சமூக மன்றத்தில் என்னோடு புகைப்பட வகுப்புக்கு வந்த ஒருவர்தான், "லிட்டில் இந்தியாவிலேர்ந்து நடந்தே போயிடலாம். கடைக்காரர் தமிழர், தேவையில்லாததைத் தலையில கட்டமாட்டார்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. நானும் கணவரும் நியூசிலாந்து போவதாக இருந்தோம். வெள்ளிக்கிழமை விமானம். அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு பெரிய பட்டியலோடு அந்தக் கடைக்குப் போனேன். புகைப்பட வகுப்பு முடித்த புதிது அல்லவா, பார்த்ததெல்லாம் வேண்டும் போல இருந்தது. கேமராவை மேலே பொருத்தும் முக்காலி, இரண்டு லென்ஸ், நான்கு மெமரி கார்டு, கேமராவுக்கு மழைக்கோட்டுகூட எழுதி வைத்திருந்தேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"முக்காலிய யாரு தூக்குவாங்கக்கா?"

"வீட்டுக்காரர்தான்."

"அவர்கிட்ட கேட்டுட்டீங்களா?"

கேட்கவில்லை. முக்காலி பட்டியலிலிருந்து போனது. இப்படியே ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் ஒரு உதிரி பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, லென்ஸ் முன்னால் மாட்டும் இரண்டு ஃபில்டர், இவ்வளவுதான் மிஞ்சியது. ஃபில்டரில் ஒன்று லென்ஸில் கீறல் விழாமல் காக்க, இன்னொன்று ஏரித் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்க. பேட்டரியைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு எடுத்துப் போகும்படி இரண்டு முறை சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு செங்காங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த எண்ணம் திங்கட்கிழமை வரைதான் தாங்கியது. வேலை முடிந்து வந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் புதுச் சாமான்களை மாட்டிப் படம் எடுத்துப் பழகினேன். கேமராவின் வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்துப் பார்த்தால், கீழே இடது மூலையில் கறுப்பாக ஏதோ மறைத்தது. துடைத்தேன். போகவில்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் மாட்டினால் மூலைகள் இருட்டாகும் என்று போட்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! இது தெரியாமலா அவர் இரண்டையும் விற்றிருப்பார்?

எடுத்த படங்களை நான் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்த பிறகு யார் அதைச் சரிபார்க்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பல் மருத்துவ கிளினிக்கின் வரவேற்பு முன்மேசையில் வேலை செய்பவள் நான். கத்துகிற ஆட்களைத் தினமும் சமாளிக்கிறவள். அன்றைக்கு நானே அப்படி ஒரு ஆளாகிப்போனேன். கடையில் ஒரு சீனத் தம்பதி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"தமிழ் ஆளுன்னு நம்பித்தானே வந்தேன்? இப்படி ஏமாத்திட்டீங்களே!"

அவர் முகம் சட்டென்று சுருங்கியது. கையை நீட்டி கேமராவை வாங்கி, நான் எடுத்த படங்களைக் கணினித் திரையில் போட்டார். நான்கு மூலையும் பளிச்சென்று இருந்தன.

"படத்துல ஒண்ணும் இல்லையேக்கா."

"எனக்குத் தெரியுது, தம்பி. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

ஒரு ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்தார். பார்த்தேன், நிழல் இருந்தது. இன்னொன்றையும் கழற்றினார். இருந்தது. லென்ஸை மாற்றினார். அப்போதும் இருந்தது. பிறகு அலமாரியிலிருந்து வேறொரு கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் கண்ணை வைத்தேன். அதே இடம், அதே நிழல்.

"இடது கண்ண வச்சுப் பாருங்கக்கா."

வைத்தேன். நிழல் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வாசல் கதவைப் பார்க்கச் சொன்னார். கதவின் கீழ்ப்பகுதியில், மூக்கை ஒட்டினாற்போல, சாம்பல் நிறத்தில் திரை ஒன்று தொங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். திரை அப்படியே இருந்தது. இரண்டு கண்ணையும் திறந்தால் மாயமாகிவிட்டது.

"கறுப்பு கறுப்பா புள்ளி பறக்குதா? ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுதா?"

இரண்டும் ஒரு வாரமாக இருந்தன. புள்ளிகளைக் கண்ணாடியில் ஒட்டிய தூசி என்றும், மின்னலை வேலைக் களைப்பு என்றும் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவள், கண்ணில் ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

"அக்கா, இது விழித்திரை சமாச்சாரம்னு நெனைக்கிறேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வெள்ளிக்கிழமை ஃபிளைட் தம்பி. பத்து நாள்தானே, வந்து பாத்துக்கிறேன்."

அப்போதுதான் அவர் தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"நானும் அப்படித்தான் சொன்னேன். கண்காட்சி ஒண்ணு இருந்துச்சு, முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்னு ஒரு வாரம் விட்டுட்டேன். இந்தக் கண்ணுல இப்ப வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். எல்லாம் இடது கண்ணாலதான் பாக்குறேன்."

கேமரா கடை வைத்திருக்கிற மனிதர். கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகவே போய்விடுவேன் என்றேன். அவர் கேட்கவில்லை. அந்தச் சீனத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் கடையின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். அந்த அம்மாள் போகிறபோது என் தோளைத் தொட்டு, "டேக் கேர் ஆ" என்றார். படியில் இறங்கும்போது நான் தடுமாறிவிடாமல் கடைக்காரர் எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கினார். டாக்சியில் என் கணவருக்கு ஃபோன் செய்தேன். அவர் வேலை பார்ப்பது துவாஸில், தீவின் அந்தக் கோடி. வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் கடைக்காரர் அவசர சிகிச்சைப் பிரிவில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டு மருந்து விட்டதில் எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. வரிசை எண்ணைக் கூப்பிட்டபோதெல்லாம் அவர்தான் திரையைப் பார்த்துச் சொன்னார்.

மருத்துவர் வெகுநேரம் பரிசோதித்தார். விழித்திரை கிழிந்து, மேல்பகுதி பெயரத் தொடங்கிவிட்டது, ஆனால் பார்வையின் மையம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். "மையமும் விட்டுப் போயிருந்தால் பழைய பார்வை திரும்புமென்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாள் கழித்து வந்திருந்தால் கதையே வேறு" என்றார்.

சின்னது என்று நினைத்தது பெரிதாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே அறுவை சிகிச்சை. விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். ஒரு வாரம் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்தபடி கிடந்தேன். வாயு முழுவதும் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது, உயரத்தில் அது விரிந்து கண்ணை அழுத்திவிடும் என்றார்கள். பயணத்தை ரத்து செய்தோம். "நியூசிலாந்து எங்கயும் ஓடிடாது" என்று என் கணவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வெளியில் போகலாம் என்றதும் நான் முதலில் போன இடம் அந்தக் கடைதான். என்ன பேசுவது என்று எம்ஆர்டி ரயிலில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கு உங்கள ஏமாத்துக்காரர்னு..." என்று ஆரம்பிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"கண்ண நனைக்கக்கூடாதுலா" என்று பதறி, நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும், "எனக்குக் கோபம் வரலைன்னு சொல்லமாட்டேன்க்கா. நல்லா வந்துச்சு. காசத் திருப்பிக் குடுத்து அனுப்பிடலாம்னுதான் மொதல்ல நெனைச்சேன். ஆனா அந்த நிழல் ஏன் தெரியுதுன்னு புரியாம விட மனசு வரலை" என்றார்.

அடுத்த வருடம் நாங்கள் நியூசிலாந்து போனோம். வலது கண்ணை வைத்தே நிறையப் படம் எடுத்தேன், பாதிக்கு மேல் சுமார் ரகம். கிளினிக்கில் இப்போதும் யாராவது முன்மேசைக்கு வந்து என்னிடம் கத்தத்தான் செய்கிறார்கள். முன்பெல்லாம் எப்படியாவது சமாதானம் சொல்லி அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடத்தான் பார்ப்பேன். அன்று அந்தக் கடைக்காரரும் அப்படி என்னைச் சீக்கிரம் அனுப்பியிருந்தால் என் வலது கண் என்னவாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்; அதனால் இப்போது, அவர்கள் சொல்வது எனக்கு எவ்வளவு அநியாயமாகப் பட்டாலும், உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்கிறேன்.